சாப்பாட்டு மேஜை வித்தைகள்: ஸ்பெயினில் ஒரு பயணம்

பார்சிலோனா: பிரின்சஸா தெரு

பார்சிலோனாவின் பழைய நகரத்தில் வெயில் தெருவரைக்கும் இறங்கி வருவதில்லை. இரண்டு பக்கமும் நாலைந்து மாடி உயரத்துக்கு வீடுகள், மாடிக் கம்பிகளில் காயும் துணிகள், கீழே கல் பாவிய சந்துகள். சுற்றுலாக் கூட்டம் முழுக்க சக்ராதா ஃபமிலியா தேவாலயத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்க, நான் அதைவிட ஒரு வயது மூத்த இடத்தைத் தேடிப் போனேன். அந்தத் தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1882ல். அதற்கு முந்தைய வருடம் ஜுவாகிம் பர்தகாஸ் என்ற வித்தைக்காரர் இந்தப் பழைய நகரத்தில் ஒரு மேஜிக் கடை திறந்தார். பிரின்சஸா தெருவில் பேர் பெற்ற அந்தக் கடைக்கு ‘எல் ரெய் தெ லா மாகியா’ என்று பெயர். உரிமையாளர்கள் மாறினார்கள், உள்நாட்டுப் போர் வந்தது, சர்வாதிகாரி பிராங்கோவின் நீண்ட ஆட்சி வந்து போனது. கடை நின்றுவிடவில்லை.

மேஜிக் என்றதும் நமக்கு மேடைதான் நினைவுக்கு வரும். பி.சி. சர்க்கார் பாணித் தலைப்பாகை, ஜிகினா அங்கி, பெட்டிக்குள் படுக்கவைத்து அறுக்கப்படும் பெண். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு வந்ததில்லை. நான் தேடிப் போனது ஒரு முழத் தூரத்தில் நடக்கும் வித்தை. ஒரு நாணயம், ஒரு சீட்டுக்கட்டு, ஒரு கோப்பை போதும். திரை கிடையாது, புகை கிடையாது. பார்க்கிறவரின் மூச்சுக்காற்று கையில் படும் தூரத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டும். இந்தச் சின்னக் கலைக்கு ஸ்பெயினில் கிடைத்திருக்கும் மரியாதை வேறெங்கும் கிடைத்ததில்லை என்று நினைக்கிறேன். அது எப்படி நேர்ந்தது என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

கடையில் எனக்கு முன்னால் ஒரு பாட்டியும் பத்து வயதுப் பேரனும் நின்றார்கள். பையனுக்குக் கண்ணாடி அலமாரியில் இருந்த ஒரு பெட்டி வேண்டும். கல்லாவில் இருந்த பெண்மணி அதை உடனே எடுத்துக் கொடுக்கவில்லை. பாட்டியிடம் ஒரு நாணயம் கேட்டு வாங்கினார். இரண்டு யூரோ நாணயம். வெளியே வெள்ளை வளையம், நடுவில் மஞ்சள். அதை வலது கை விரல் நுனியில் பிடித்துக் காட்டினார். அவசரமில்லாமல் இடது கையில் வைத்தார். இடது கை மூடிக்கொண்டது. அந்த மூடிய கையை அவர் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. உள்ளே இருக்கும் நாணயத்தின் கனம் அவர் மணிக்கட்டில் தெரிந்தது. விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். கை காலி. நாணயம் பாட்டி கல்லாமேல் வைத்திருந்த மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் கிடந்தது.

பையன் பெட்டியை மறந்துவிட்டான். அந்தப் பெண்மணி அவனிடம் சொன்னதை என்னுடன் வந்த நண்பர் மொழிபெயர்த்தார். “வீட்டுக்குப் போய் கண்ணாடி முன்னால் நில். நாணயத்தை உண்மையாகவே இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்று. நூறு தடவை மாற்று. உன் கண் எங்கே போகிறது, தோள் என்ன செய்கிறது என்று கவனி. அது தெரிந்த பிறகு வா, மற்றதைச் சொல்லித் தருகிறேன்.” பையன் அன்று அந்தக் கடையில் எதுவும் வாங்கவில்லை. வியாபாரத்தை விட்டுக்கொடுத்து ஒரு மாணவனைச் சேர்த்துக்கொண்ட அந்தப் பெண்மணியை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

கண்ணைப் பற்றி அவர் சொன்னது வெறும் தொழில் பழக்கம் இல்லை. அதில் விஞ்ஞானமும் இருக்கிறது. ஸ்பெயினில் பிறந்த நரம்பியல் விஞ்ஞானி சுசானா மார்த்தினெஸ்-கோந்தேயும் ஸ்டீபன் மேக்னிக்கும் வித்தைக்காரர்களையே கூட்டுச் சேர்த்துக்கொண்டு 2008ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அப்போலோ ராபின்ஸ் என்ற மேடைப் பிக்பாக்கெட் நிபுணர் அவர்களுக்கு எடுத்துச் சொன்ன ஒரு செய்தி முக்கியமானது. கை நேர்கோட்டில் போனால், பார்க்கிறவரின் கண் போய்ச் சேரும் இடத்துக்கு ஒரே தாவாகத் தாவி, உடனே கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிடும். கை வளைவாகப் போனால் கண் அதைப் பின்தொடர்ந்து கூடவே போகும், திரும்பாது. நம் கண்ணைப் பற்றி நமக்குத் தெரியாத இந்த விஷயத்தைக் கடைக்காரர்களும் தெருவோர வித்தைக்காரர்களும் பல தலைமுறைகளாகக் கையில் வைத்திருந்தார்கள்.

அன்று மதியம் தக்காளியைத் தேய்த்து ஆலிவ் எண்ணெய் ஊற்றிய ரொட்டி சாப்பிட்டேன். இங்குள்ள கத்தலான் மக்களின் அன்றாட உணவு. பூண்டு, தக்காளி, உப்பு, எண்ணெய், அவ்வளவுதான். நாலு பொருளில் இத்தனை ருசியா என்று தோன்றியது. பிறகு கதீட்ரல் பக்கம் நடந்தேன். அங்கே சதுக்கத்தில் ‘பார்சினோ’ என்று நகரத்தின் ரோமானியப் பெயரைப் பெரிய பெரிய உலோக எழுத்துகளாக நிறுத்தியிருக்கிறார்கள். செய்தவர் கவிஞர் ஜுவான் ப்ரோசா. சீட்டுகளையும் அன்றாடப் பொருட்களையும் வைத்தே கவிதை செய்த மனிதர், மேஜிக்கின் பரம ரசிகர். ஒரு மொழியின் பெரிய கவிஞர் வித்தைக்காரர்களைத் தன் சக கலைஞர்களாக நினைத்தார் என்பது எனக்குப் பொறாமையாக இருந்தது.

எப்ரோ பள்ளத்தாக்கு

ரயில் கடலை விட்டு உள்நாட்டுக்குள் திரும்பியதும் பச்சை தீர்ந்துபோகிறது. சரகோசா வரைக்கும் வெளிறிய மண், முள்செடி, தூரத்தில் காற்றாலைகள். எப்ரோ ஆற்றை ஒட்டி மறுபடியும் ஈரம் தெரிகிறது. திராட்சைத் தோட்டங்கள் வருகின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் போட்டு, தலைக்கு மேல் குலை தொங்கும் திராட்சையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை விசித்திரம். முழங்கால் உயரத்தில் குட்டைக் கட்டைகளாக, வரிசை பிசகாமல் மலைச்சரிவு வரை ஓடுகின்றன.

எதிர் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் பேத்தியோடு சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பேத்திக்கு ஆறு வயதுதான் இருக்கும். எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. சீட்டென்றால் சூது, சூதென்றால் குடி கெட்டது. கல்யாண வீட்டில் மாமாக்கள் விடிய விடிய ரம்மி ஆடும்போது பெண்கள் அந்த அறைப் பக்கம் போகமாட்டார்கள். எனக்குத் தெரிந்து எத்தனையோ பையன்கள் சீட்டைக் கையில் எடுத்ததற்கே அடி வாங்கியிருக்கிறார்கள். அதற்கு நியாயமான காரணங்களும் இருந்தன. சீட்டில் நிலம் போன குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் சீட்டைத் தொடவே விடாத ஊரில் சீட்டு வித்தை எப்படி வளரும்?

வித்தோரியா: சீட்டுகளின் ஊர்

வடக்கே பாஸ்க் நாட்டின் வித்தோரியா நகரத்தில் கோடையிலும் குளிர்கிறது. மெல்லிய தூறல் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. ஊரின் நடுவில் ஒரு குன்று, குன்றைச் சுற்றி வளையம் வளையமாகத் தெருக்கள். இங்கே 1868ல் ஹெராக்லியோ ஃபூர்னியே என்பவர் சீட்டு அச்சடிக்கத் தொடங்கினார். இன்று ஸ்பெயினின் எந்த மதுக்கடையில் சீட்டுக்கட்டைப் பிரித்தாலும் அந்தப் பெயர்தான் கண்ணில் படும். வித்தைக்காரர்கள் உலகமெங்கும் பயன்படுத்தும் அமெரிக்கச் சீட்டுகளைத் தயாரிக்கும் நிறுவனம் 1986ல் ஃபூர்னியேவை வாங்கியது. 2019ல் அந்த அமெரிக்க நிறுவனத்தையே பெல்ஜியக்காரர்கள் வாங்கிவிட்டார்கள்.

பெந்தான்யா மாளிகை என்ற 16ஆம் நூற்றாண்டுக் கட்டடத்தில் சீட்டுகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஃபூர்னியே குடும்பத்தின் பேரன் 1916ல் சேர்க்க ஆரம்பித்த தொகுப்பு. 1984ல் மாகாண அரசு விலைக்கு வாங்கிப் பொதுச்சொத்தாக்கியது. மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டவை, கையால் வண்ணம் தீட்டியவை, தோலில் வரைந்தவை என்று அறை அறையாகச் சீட்டுகள். நம் நாட்டின் வட்டமான கஞ்சிஃபா சீட்டுகளும் இந்த உலகத்தைச் சேர்ந்தவைதாம். மைசூர் மகாராஜா மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் தானே புதிய கஞ்சிஃபா ஆட்டங்கள் வகுத்து ஓவியர்களைக் கொண்டு சீட்டு எழுதவைத்தவர். இன்று அந்தக் கலையைத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஸ்பானியச் சீட்டில் ஆர்ட்டினும் இஸ்பேடும் கிடையாது. பொற்காசு, கோப்பை, வாள், தடி என்று நாலு இனம். ராணியும் கிடையாது; சேவகன், குதிரைவீரன், ராஜா மட்டும்தான். ஒரு சீட்டைக் கண்ணருகில் வைத்துப் பார்த்தால் அழகான ஒரு விஷயம் தெரியும். படத்தைச் சுற்றி ஒரு மெல்லிய சட்டக்கோடு ஓடுகிறது. பொற்காசுச் சீட்டில் அந்தக் கோடு முழுசாக இருக்கும். கோப்பையில் மேலும் கீழும் ஓரிடத்தில் அறுந்திருக்கும். வாளில் இரண்டு இடம், தடியில் மூன்று இடம். கையில் சீட்டுகளை இறுக்கிப் பிடித்து ஓரத்தை மட்டும் ஒரு நூல் விலக்கிப் பார்த்தாலே எந்த இனம் என்று ஆட்டக்காரருக்குத் தெரிந்துவிடும். எதிராளிக்குக் காட்டாமல் தான் மட்டும் பார்த்துக்கொள்ள, சீட்டிலேயே செய்துவைத்த ஏற்பாடு.

சாயங்காலம் ஒரு சின்ன மதுக்கடைக்குள் மழைக்கு ஒதுங்கினேன். உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துச் சுட்ட கனத்த அடையைத் துண்டு போட்டுக் கொடுத்தார்கள். மூலை மேஜையில் நாலு பெரியவர்கள் ‘முஸ்’ ஆடிக்கொண்டிருந்தார்கள். பாஸ்க் மக்களின் ஆட்டம் இது. இரண்டு இரண்டு பேராகக் கூட்டுச் சேர்ந்து ஆடுவது. கூட்டாளிக்கு முகத்தாலேயே ஜாடை காட்டலாம் என்பது ஆட்ட விதியிலேயே இருக்கிறது. கீழுதட்டைக் கடித்தால் கையில் இரண்டு ராஜா. நாக்கு நுனியைக் காட்டினால் இரண்டு ஆசு. எதிராளி பார்க்காத நொடியில் காட்ட வேண்டும். பொய் ஜாடை மட்டும் காட்டக் கூடாது. எதிராளியின் கண் எப்போது தன்மேல் இல்லை என்பதை இந்த ஊரில் ஒவ்வொருவரும் சின்ன வயதிலிருந்தே பழகிக்கொள்கிறார்கள்! பிறகு சீட்டு வித்தைக்காரர்கள் ஏன் இங்கே பிறக்கமாட்டார்கள்?

ஆட்டம் முடிந்ததும் அவர்களில் ஒருவர், அச்சுத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர், என் மேஜைக்கு வந்தார். நான் இந்தியாவிலிருந்து சீட்டு பார்க்க வந்தவன் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஒரு சீட்டை எடுக்கச் சொன்னார். பொற்காசுச் சேவகன். கட்டின் நடுவில் செருகினார். மேல் சீட்டைப் புரட்டினார். சேவகன். மறுபடியும் நடுவில் செருகினார், இந்த முறை பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது என்னையே பார்க்கவைத்தார். மேலே சேவகன். மூன்றாவது முறை கட்டை என் உள்ளங்கையில் வைத்து என் மறு கையால் மூடச் சொன்னார். தடித்த, நகம் உடைந்த விரல்கள்; வேகமே கிடையாது. நான் கையை விலக்கினேன். சேவகன் மேலேதான் நின்றான்.

இந்த வித்தைக்கு ஒரு புகழ்பெற்ற வரலாறு உண்டு. எந்த வித்தையையும் மூன்று தடவை பார்த்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்று சவால் விட்டவர் அமெரிக்க வித்தைக்காரர் ஹூடினி. 1922ல் சிகாகோவில் டை வெர்னன் என்ற கனடாக்காரர் ஹூடினியிடமே சீட்டில் முதலெழுத்துகளை எழுதி வாங்கி, அதைக் கட்டின் நடுவில் வைத்து, திரும்பத் திரும்ப மேலே வரவழைத்துக் காட்டினார். ஹூடினியால் பிடிக்க முடியவில்லை. அதன்பின் வாழ்நாள் முழுக்க வெர்னனுக்கு ‘ஹூடினியை ஏமாற்றியவர்’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. 98 வயது வரை வாழ்ந்து, இந்தக் கலையில் பின்னால் வந்த எல்லோருக்கும் ஆசானானார்.

மாட்ரித்: ஒரு நூலகம்

மாட்ரித் உயரமான பீடபூமியில் இருக்கிறது. காற்றில் ஈரமே இல்லை, உதடு வெடிக்கிறது. இங்கே கஸ்தெய்யோ தெருவில் ஹுவான் மார்ச் அறக்கட்டளை என்ற கலை நிறுவனம் உண்டு. இசைக் கச்சேரி, ஓவியக் கண்காட்சி, ஸ்பானிய நாடக ஆவணங்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ். அந்தக் கூரையின் கீழேதான் மேஜிக்குக்கு ஒரு நூலகமும் இருக்கிறது. ஹோசே புச்சோல் என்ற வித்தைக்காரர் தன் வாழ்நாள் சேமிப்பான புத்தகங்களை 1988ல் கொடுத்துவிட்டார். நாடகத்துக்கும் இசைக்கும் பக்கத்து அலமாரி மேஜிக்குக்கு. நான் இந்தப் பயணத்தில் பார்த்தவற்றில் என்னை அதிகம் அசைத்தது அந்த அலமாரிதான்.

அங்கே மதிக்கப்படும் பழைய நூல்களில் ஒன்று பாப்லோ மிங்கெத் 1733ல் மாட்ரித்தில் வெளியிட்டது. காசு, சீட்டு, கோப்பை கொண்டு செய்யும் விளையாட்டுகளைச் சாதாரண மக்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஸ்பானியப் புத்தகம். அதற்கும் ஒன்றரை நூற்றாண்டு முன்னால் இங்கிலாந்தில் ரெஜினால்ட் ஸ்காட் 1584ல் ஒரு நூல் எழுதினார். சூனியக்காரி என்று சொல்லிப் பெண்களைக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. வித்தைக்காரன் கையில் காசு மறைவதில் பிசாசின் வேலை எதுவும் இல்லை, விரலின் வேலைதான் இருக்கிறது என்று ஸ்காட் ஒவ்வொன்றாக விளக்கிக் காட்டினார். நாணய வித்தையை எழுத்தில் விளக்கிய முதல் நூல்களில் ஒன்று, மனித உயிரைக் காக்க எழுதப்பட்ட நூல். இதைவிட ஒரு கலைக்கு என்ன பெருமை வேண்டும்?

இன்னும் பின்னால் போனால், இந்த மண்ணில் கோர்தோபாவில் பிறந்த ரோமானியத் தத்துவஞானி செனெகா வருகிறார். நண்பர் லூசிலியஸுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் கிண்ணமும் கூழாங்கல்லும் வைத்து வித்தை காட்டுகிறவர்களைக் குறிப்பிடுகிறார். ஏமாறுவதில்தான் அந்த வித்தையின் இன்பமே இருக்கிறது, எப்படி என்று தெரிந்துவிட்டால் தனக்குச் சுவை போய்விடும் என்பது அவர் கருத்து. செப்படி வித்தை இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே ரோமாபுரியில் ஒரு தத்துவவாதியை உட்காரவைத்திருக்கிறது.

அலமாரி முன்னால் நின்றபோது சிறு வயதில் பார்த்த ஒட்டன்சத்திரம் சந்தை நினைவுக்கு வந்தது. சந்தை நாளில் புளியமரத்தடியில் ஒருவர் வருவார். தரையில் ஒரு கோணிச் சாக்கு, மூன்று செப்பு, துணியில் சுற்றிய உருண்டைகள், கூடைக்குள் பாம்பு. கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடுவதாகச் சொல்லிக்கொண்டே இருப்பார், கடைசிவரை விடமாட்டார். “தம்பி, கையை நீட்டு. பயப்படாதே, உன் அம்மா மேல சத்தியமா உனக்கு ஒண்ணும் ஆகாது” என்று என் கையில் ஓர் உருண்டையை வைத்து மூடினார். திறந்தபோது இரண்டு இருந்தன. ஐரோப்பாவில் மேஜை போட்டு, துணி விரித்து, கைக்கு வசதியான உயரத்தில் செய்யும் வித்தையை அவர் குந்தி உட்கார்ந்து, வெட்டவெளியில், நாலு பக்கமும் ஆள் சூழச் செய்தார். முதுகுக்குப் பின்னாலும் கண்கள்! அதற்கு எவ்வளவு திறமை வேண்டும் என்று இன்றுதான் எனக்கு முழுசாகப் புரிகிறது. முடிவில் தாயத்து விற்பார். இரண்டு பேர் வாங்குவார்கள். காவலர் வந்தால் சாக்கைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

இப்படி எத்தனை பேர்! 1810களில் லண்டன் மேடைகளில் ராமோ சாமி என்று ஓர் இந்தியர் கொடிகட்டிப் பறந்தார். ராமசாமியாகத்தான் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட இந்திய வித்தைக்காரர்களைப் பார்த்து வியந்து ஆங்கிலக் கட்டுரையாளர் ஹாஸ்லிட் 1821ல் வெளியிட்ட தன் தொகுப்பில் ஒரு கட்டுரையே எழுதினார். ஆங்கில உரைநடையில் அது இன்றும் பாடம். ராமோ சாமி 1850ல் லண்டனில் வறுமையில் இறந்தார். நம் மொழியில் அவரைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறோம்?

மாட்ரித்: இரவு பத்து மணிக்குப் பிறகு

ஸ்பெயினில் இரவுச் சாப்பாடே பத்து மணிக்குத்தான். அதற்கு முன் ஒரு நிலவறையில் காட்சி பார்த்தேன். இருபது முப்பது நாற்காலி, பச்சைத் துணி விரித்த ஒரு மேஜை, அவ்வளவுதான் அரங்கம். காட்சி நடத்தியவர் முப்பது வயதுக்குட்பட்ட பெண். வெளிநாட்டு நாணயம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். என்னிடம் பழைய ஐந்து ரூபாய் நாணயம் இருந்தது. 1990களில் வந்த தடித்த வெள்ளை நாணயம். அதை வாங்கியவர் வித்தையை நிறுத்திவிட்டு நாணயத்தையே கொஞ்ச நேரம் ரசித்தார். விளிம்பில் ஓடும் பள்ளத்தை நகத்தால் தடவினார். மேஜையில் தட்டிச் சத்தம் கேட்டார். ஒன்பது கிராம் எடை அதற்கு. “இந்தக் கனத்தில் எங்கள் நாட்டு நாணயமே இல்லை” என்றார். நாம் மளிகைக் கடையில் வீசிவிட்டு வருகிற காசு ஒரு கலைஞரின் கையில் இசைக்கருவியாக மாறிய நிமிடம் அது. அதன்பின் அந்த ஐந்து ரூபாய், மூன்று யூரோ நாணயங்களோடு சேர்ந்து அவர் வலது கையிலிருந்து இடது கைக்கு ஒவ்வொன்றாக, சத்தத்தோடு, போய்ச் சேர்ந்தது. கடைசி நாணயம் இன்னும் அவர் வலது கையில்தான் இருக்கிறது என்று நான் சத்தியம் செய்திருப்பேன்.

காட்சி முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்து உணவகத்தில் மேஜைகளை இழுத்து ஒன்றாகப் போட்டார்கள். கொண்டைக்கடலையும் இறைச்சியும் முட்டைக்கோஸும் மணிக்கணக்கில் வேகவைத்த ‘கொசீதோ’ வந்தது. முதலில் ரசம்போல வடித்த சாறு, பிறகு கடலை, கடைசியில் இறைச்சி. நம் வீட்டில் சாப்பிட்டு முடித்தால் இலையை எடுத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். எச்சில் கையோடு உட்கார்ந்து பேசினால் அதட்டல் விழும். இங்கே சாப்பாடு முடிந்த பிறகுதான் உட்காருவதே தொடங்குகிறது. தட்டு போகும், கோப்பை வரும், பேச்சு ஒன்றிரண்டு மணி நேரம் நீளும். அந்த நேரத்துக்கென்றே ஸ்பானியர்கள் ‘சொப்ரெமேசா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கை எட்டும் தூரத்தில் நண்பர்கள், நடுவில் ரொட்டித் துண்டு, கரண்டி, காசு. ஸ்பெயினின் மேஜிக் வளர்ந்தது இந்த நேரத்தில்தான்.

அன்று மேஜையில் வயதான ஒருவர் ரொட்டியிலிருந்து மூன்று துணுக்குகளைக் கிள்ளி உருட்டினார். ஒரு காபிக் கோப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுவிட்டார். இடது கையால் மட்டும் ஒரு துணுக்கைக் கோப்பையில் போட்டார். இன்னொன்றைப் போட்டார். மூன்றாவதை எட்டி எறிந்தார். கோப்பையைக் கவிழ்த்தார். மூன்று துணுக்குகள். மறுபடியும் செய்தார், இன்னும் மெதுவாக. மறுபடியும் மூன்று. மேஜையில் இருந்த அத்தனை பேரும் தொழில்முறை வித்தைக்காரர்கள். வித்தை அவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் ஒருவரும் பேசவில்லை. அது அர்ஜென்டினாவின் ரெனே லவாந்தின் வித்தை. ஒன்பது வயதில் கார் மோதி வலது கையை இழந்தவர் லவாந்த். சீட்டு வித்தைப் புத்தகங்கள் எல்லாம் இரண்டு கைக்காரர்களுக்காக எழுதப்பட்டவை. அவர் ஒற்றைக் கைக்காகத் தானே எல்லாவற்றையும் புதிதாகக் கண்டுபிடித்தார். வேகத்தை விட்டுவிட்டு மெதுவாகச் செய்வதையே தன் பாணியாக்கினார். வங்கி வேலையை விட்டு வெளியேறி, உலகம் சுற்றி, 2015ல் தந்தில் என்ற சிறு நகரத்தில் காலமானார்.

சான் லொரென்ஸோ தெ எல் எஸ்கொரியால்

மாட்ரித்துக்கு வடமேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது எஸ்கொரியால். இரண்டாம் பிலிப் மன்னர் 1563ல் தொடங்கி 1584ல் முடித்த பிரம்மாண்டமான மடம். சாம்பல் நிறக் கருங்கல், அலங்காரமே இல்லாத சுவர்கள். ஸ்காட்டின் புத்தகம் லண்டனில் வெளிவந்த அதே ஆண்டில் இதன் கடைசிக் கல்லை வைத்திருக்கிறார்கள். உள்ளே நூலகத்தில் புத்தகங்களின் முதுகு சுவரைப் பார்த்திருக்கிறது. பொன் பூசிய தாள் ஓரங்கள் நம்மைப் பார்க்கின்றன.

இந்தச் சிற்றூரில்தான் பல்லாண்டுகளாகச் சீட்டு வித்தைக்காரர்கள் கூடுகிறார்கள். அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டுமே இடம். நான் கூட்டம் நடக்காத நாளில்தான் போனேன். இந்த மரபின் வேர் 1970களின் தொடக்கத்தில் உருவான மாட்ரித் மேஜிக் பள்ளி. பள்ளி என்றால் கட்டடம் இல்லை. அர்த்துரோ தெ அஸ்கானியோ என்ற வழக்கறிஞர், ஹுவான் தமரிஸ் என்ற இளைஞர், புச்சோல் உள்ளிட்ட நண்பர்கள் கூடிப் பேசிய குழு. ஒரு நுட்பத்தை எடுத்துக்கொள்வார்கள். ஏன் மனம் இந்த இடத்தில் நம்புகிறது, எங்கே சந்தேகப்படுகிறது என்று மாதக்கணக்கில் விவாதிப்பார்கள். பேசியதை எழுதிச் சுற்றுக்கு விடுவார்கள்.

அஸ்கானியோ கண்டுசொன்ன ஒரு விஷயத்தை எஸ்கொரியாலின் காபிக் கடையில் ஒரு நடுவயது வித்தைக்காரர் எனக்குச் செய்தே காட்டினார். மேஜையில் சர்க்கரைப் பொட்டலம் இருந்தது. அதை எடுக்கக் கை நீட்டினார், வழியில் கிடந்த கரண்டியை நகர்த்தி வைத்தார், பொட்டலத்தை எடுத்தார். “கரண்டியை எந்தக் கையால் நகர்த்தினேன்?” என்றார். எனக்குத் தெரியவில்லை. ஒரு காரியத்தைச் செய்யப் போகும் வழியில் செய்யும் இன்னொரு சின்னக் காரியத்தை மனம் பதிவு செய்வதில்லை. ரகசியம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. மறைவான இடம் என்று ஒன்று தேவையே இல்லை.

தமரிஸ் இன்று ஸ்பெயினில் தெருவில் போகும் எவருக்கும் தெரிந்த முகம். பரட்டை முடி, உயரத் தொப்பி, வித்தை முடிந்ததும் கையில் இல்லாத வயலினை வாசிக்கிற கிழவர். தொலைக்காட்சியில் குழந்தைகளைச் சிரிக்கவைத்த அதே மனிதர்தான் 1973ல் பாரிஸில் உலகச் சீட்டு வித்தைப் போட்டியில் முதல் பரிசு வாங்கினார். பார்வை, குரல், கை, கால், உடல் என்ற ஐந்தையும் வித்தைக்காரன் எப்படிப் பழக்க வேண்டும் என்று தனி நூல் எழுதினார். பார்க்கிறவர் மனதில் எழக்கூடிய தவறான விடைகளை ஒவ்வொன்றாக முன்கூட்டியே அடைத்துவிட்டால், கடைசியில் அற்புதம் என்ற ஒரே வழிதான் மிஞ்சும் என்பது அவருடைய கோட்பாடு. 52 சீட்டுகளையும் ஒரு குறிப்பிட்ட வரிசையில் மனப்பாடம் செய்யும் அவருடைய முறையை இன்று பல நாடுகளில் வித்தைக்காரர்கள் படிக்கிறார்கள்.

ரகசியம் காப்பதுதான் மேஜிக்கின் உயிர் என்று கேள்விப்பட்டே வளர்ந்தவன் நான். நம் ஊரில் தந்தை மகனுக்கு மட்டும் சொன்னார், மகன் வேறு வேலைக்குப் போனார், வித்தை செத்தது. ஸ்பானியர்கள் பார்வையாளருக்குச் சொல்லாததைத் தங்களுக்குள் எல்லோருக்கும் சொன்னார்கள், எழுதினார்கள், நூலகத்தில் வைத்தார்கள். ஒரு தலைமுறையில் உலகமே இவர்களிடம் படிக்க வந்தது. ரகசியத்தை விடப் பகிர்வுதான் இந்தக் கலையைக் காப்பாற்றியிருக்கிறது என்பது எஸ்கொரியாலில் எனக்கு உறுதியானது.

ஊர் திரும்பி

வித்தை செய்யும் கை நம்மிடம் இல்லாமல் போகவில்லை. அதற்கான மரியாதைதான் சட்டத்தில்கூட இல்லை. 1959ன் பம்பாய் பிச்சைத் தடைச் சட்டம், பொது இடத்தில் பாடி, ஆடி, வித்தை காட்டிக் காசு கேட்பதையும் பிச்சை என்றே கணக்கில் சேர்த்தது. அதையே டெல்லிக்கும் நீட்டித்தார்கள். 2018ல் டெல்லி உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. அதற்குள் தெருவித்தைக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் தொழிலை விட்டுவிட்டார்கள். ஒட்டன்சத்திரத்தில் விசாரித்தேன். சந்தையில் வித்தைக்காரர் வந்து பல காலம் ஆகிறது என்றார்கள்.

ஆனால் எங்காவது ஒரு கோயில் திருவிழாவில், ஒரு பேருந்து நிலையத்துக்கு வெளியே, செப்பும் உருண்டையும் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் இன்னும் உட்கார்ந்திருக்கக்கூடும். பார்த்தால் கடந்து போய்விடாதீர்கள். முழுசாகப் பாருங்கள், நல்ல பணம் கொடுங்கள். கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பெயர் என்ன, எந்த ஊர், யாரிடம் கற்றார், எப்படிப் பேசி ஆளைக் கூட்டுகிறார் என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் எழுதி வையுங்கள், ஒளிப்பதிவு செய்யுங்கள். வித்தையின் சூட்சுமத்தை அவர் சொல்ல வேண்டியதில்லை. பெயரையாவது வாங்கி வையுங்கள்.